உரையால் காக்கப்படும் மறைநூல்: மார்மன் சபையும் வரலாற்றுச் சான்றும்

தன்னை வரலாறு என்று அறிவித்துக்கொள்ளும் நூல் வரலாற்றாய்வின் வினாக்களுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டது. மறைநூலாகப் போற்றப்படுவதனால் அக்கடமை நீங்கிவிடாது. 1830ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா என்னும் சிற்றூரில் 5000 படிகளாக அச்சேறிய ‘மார்மன் நூல்’ இத்தகைய ஒன்று. இதனை மறைநூலாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினரை உலகம் மார்மன்கள் என்றே அறியும். அப்பெயரைத் தவிர்க்குமாறு சபைத் தலைமை 2018 முதல் கேட்டுவருகிறது. தம் நூலுக்கு மாறான சான்றுகளை இச்சபையினர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

அவர்கள் சான்றை மறைக்கின்றனர் என்பது பலரும் கூறும் குற்றச்சாட்டு. அது முழு உண்மையன்று. சான்றை ஒருவாறு ஏற்றுக்கொண்டு, நூலைப் பெரும்பாலும் தொடாமல், உரையை மட்டும் மாற்றிக்கொண்டு, முன்னைய உரையைத் தாம் சொல்லவேயில்லை என்பதுபோல் ஒழுகுவதே அவர்தம் வழக்கம். அவ்வழக்கத்திற்கான விலையைச் செலுத்தியவர்கள் வேறு சிலர் என்பதும் இங்கு வாதிடப்பெறும்.

தமிழாய்விதழில் இதற்கென்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். மார்மன் நூல் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. பெங்களூரில் ஒரு கோயில் எழுப்பப்படும் என 2018இல் சபை அறிவித்தது. 2020 டிசம்பரில் அதற்கான பணி தொடங்கியது. எனவே இந்நூல் நமக்கு முற்றிலும் அயலானதன்று. அன்றியும், நூலுக்கும் உரைக்குமுள்ள உறவை ஆராய்வது தமிழ்த்துறையினரின் அன்றாடத் தொழில். மூலநூல் ஒன்றைச் சொல்ல, உரையாசிரியர் தம் காலத்திற்கேற்பப் பிறிதொன்றை அதன்மேல் ஏற்றுவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம்.

இச்சபையினரை அறிவிலிகள் என்று எள்ளி நகையாடுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. ஆவணங்களைத் தொகுப்பதில் இவர்களுக்கு நிகரான சமயத்தார் உலகில் வேறு உளரோ என்பது ஐயமே. 1894இல் இவர்கள் நிறுவிய யூட்டா மரபுவழிக் கழகம் பல நாடுகளின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை நுண்படச் சுருள்களாக்கிச் சால்ட் லேக் நகரருகே கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த காப்பகத்தில் வைத்துள்ளது. அரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த யாத்திரிகர் குலவரிசை ஏடுகளும் இக்கழகத்தின் முயற்சியால் படமெடுக்கப்பட்டன. பிறர் குலத்தின் ஆவணத்தை இத்துணை அக்கறையோடு காப்பவர்கள் தம் மறைநூல் பற்றிய ஆவணத்தின் முன் வேறொரு முகத்தைக் காட்டுவதே நம் வியப்பிற்குரியது.

நூல் கூறுவது யாது?

கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து லேகி என்பார் தம் குடும்பத்தாருடன் புறப்பட்டுக் கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தார். அவர் வழியினர் நேபியர், லாமானியர் என இரு பெருங்குலங்களாகப் பிரிந்தனர். உயிர்த்தெழுந்த இயேசு அங்கே தோன்றிப் போதித்தார். கி.பி. 385 அளவில் கும்மோரா என்னும் குன்றருகே நடந்த இறுதிப்போரில் நேபியர் தரப்பில் மட்டும் 2,30,000 பேர் மாண்டனர். இவ்வரலாற்றைப் பொன்னேடுகளில் ‘திருந்திய எகிப்திய’ எழுத்தில் பொறித்துப் புதைத்து வைத்தனர் என்றும், மரோனி என்னும் தேவதூதன் வழிகாட்ட 1827இல் ஜோசப் ஸ்மித் அவற்றைப் பெற்று மொழிபெயர்த்தார் என்றும், பணி முடிந்தபின் தூதனே ஏடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டான் என்றும் சபையினர் கொள்வர்.

சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இவ்விறுதிச் செய்தியே உறுத்தும். உ.வே.சாமிநாதையர் ஒரு பாடத்தைக் கொண்டாரெனில், அவர் கண்ட ஏடு பின்னும் இருக்கிறது. மாறுபட விரும்புவார் அதனைப் பிரித்துப் படித்து மாறுபடலாம். பொன்னேட்டை மறுக்கவும் வழியில்லை, மெய்ப்பிக்கவும் வழியில்லை. ஏடுகளைக் கண்டதாக 11 பேர் அளித்த சாட்சியம் நூலோடு சேர்த்து அச்சிடப்பெறுகிறது. ஏடு இருந்தது என்பதற்கே அது சான்றாகலாம். அதில் எழுதியிருந்தது யாது என்பதற்கு ஆகாது. அவர்களுள் ஒருவரும் அவ்வெழுத்தைப் படிக்க அறிந்தவரல்லர்.

ஆயின் ஸ்மித் மொழிபெயர்த்ததாகக் கூறிய மற்றொரு நூலுக்கு மூலம் கிடைத்துள்ளது. அதனால் அதனைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும்.

ஆபிரகாம் நூல் என்னும் உரைகல்

1835ஆம் ஆண்டு ஓகையோ மாநிலத்துக் கேர்ட்லாந்து என்னும் ஊருக்கு, எகிப்தியப் பதனுடல்களைக் காட்சிப்படுத்திப் பொருளீட்டிவந்த மைக்கேல் சாண்ட்லர் வந்தார். 4 பதனுடல்களையும் அவற்றோடிருந்த பாப்பிரஸ் சுருள்களையும் 2400 டாலருக்கு ஸ்மித் தரப்பினர் வாங்கினர். அச்சுருள்களில் ஒன்று ஆபிரகாம் தம் கைப்பட எழுதியது என்று ஸ்மித் அறிவித்தார். அவர் மொழிபெயர்ப்பாக வழங்கிய ‘ஆபிரகாம் நூல்’ 1842இல் மூன்று படங்களுடன் வெளியாகி, 1880இல் சபையின் மறைநூல் தொகுதியுள் சேர்க்கப்பெற்றது.

எகிப்திய எழுத்தைப் படிக்கும் கலை அப்போதுதான் ஐரோப்பாவில் வளரத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் அதனை அறிந்தார் அரியர். 1912இல் யூட்டாவின் எப்பிஸ்கோப்பல் பேராயர் ஸ்பால்டிங், அச்சில் வந்த படங்களை எகிப்தியல் அறிஞர் எண்மருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். பிளிண்டர்ஸ் பெட்ரி, பிரெஸ்டட் முதலியோர் அவருள் அடங்குவர். அவை வழக்கமான ஈமச்சடங்குப் படங்களே என்றும் ஸ்மித்தின் விளக்கம் பொருந்தாது என்றும் அவர்கள் ஒருமுகமாக எழுதினர். படிகளை மட்டும் கண்டு கூறியது இது, மூலத்தைக் கண்டார் எவருமிலர் என்று சபையினர் அன்று மறுத்தனர். 1871இல் சிகாகோவை அழித்த தீயில் சுருள்கள் எரிந்துபோயின என்றே அந்நாளில் அனைவரும் நம்பினர்.

எரியவில்லை. அவற்றின் பகுதிகள் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1966இல் அசீஸ் அத்தியா என்னும் வரலாற்றறிஞர் அவற்றைக் கண்ணுற்றார். 1967 நவம்பர் 27 அன்று அருங்காட்சியகம் அவற்றைச் சபையிடம் ஒப்படைத்தது. ஸ்மித் வெளியிட்ட முதற்படத்தின் மூலமும் அவற்றுள் இருந்தது. ஜான் வில்சன், ரிச்சர்டு பார்க்கர், கிளாவ்ஸ் பேர் ஆகியோர் 1968இல் அவற்றைப் படித்து எழுதினர். முதற்படம் அமைந்த சுருள், ஓர் என்னும் பூசகருக்காக எழுதப்பெற்ற ‘மூச்சு நூல்’. இறந்தோர் மறுவுலகில் உயிர்த்திருக்க உடன் வைத்துப் புதைக்கும் சடங்குநூல் அது. காலம் எகிப்தைத் தாலமி மன்னர் ஆண்ட காலம். ஆபிரகாமுக்கு மரபு கூறும் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்மை உடையது.

இதற்குச் சபையினர் கூறிய விடைகள் இரண்டு. ஆபிரகாம் நூலின் மூலம் இத்துண்டுகளில் இல்லை, தொலைந்துபோன பகுதியில் இருந்திருக்கலாம் என்பது ஒன்று. ஸ்மித் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை, சுருளைக் கண்டது அவருக்கு வெளிப்பாடு தோன்றுவதற்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது என்பது மற்றொன்று. 2014இல் சபை தானே வெளியிட்ட விளக்கக் கட்டுரை, எஞ்சிய துண்டுகளில் ஆபிரகாமின் பெயரோ அந்நூலின் நிகழ்ச்சிகளோ இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, இவ்விரு விடைகளையும் அருகருகே வைத்து, எதனையும் தேர்ந்தெடுக்காமல் நிறுத்திக்கொண்டது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. மூலம் தொலைந்தது என்பார்க்கு மூலம் ஒன்று வேண்டும். தூண்டுதல் என்பார்க்கு மூலமே வேண்டா. இரண்டையும் ஒருங்கே பேணுவார் உண்மை எது என்று காண முயல்பவராகார். அன்றியும் மூன்றாம் படத்தின்முன் இரு விடைகளும் நில்லா. அப்படத்தில் நிற்கும் ஓர் உருவத்தைப் பார்வோன் மன்னன் என்று ஸ்மித் விளக்குகிறார். அப்பெயர் அவன் தலைக்குமேலுள்ள எழுத்துகளில் உள்ளது எனவும் சேர்த்துக் கூறுகிறார். அவ்வெழுத்துகள் ஐசிசு என்னும் பெண்தெய்வத்தின் பெயரைக் காட்டுவன. பார்வோனின் இளவரசன் என்று அவர் சுட்டுவது மாத் என்னும் பெண்தெய்வம். சூலேம் என்று அவர் பெயரிட்டழைப்பவன், சுருளுக்குரிய ஓர் என்பவனே. இங்கே தொலைந்த பகுதி ஒன்றுமில்லை. படம் இன்றும் அச்சில் உள்ளது. தூண்டுதல் என்பதற்கும் இடமில்லை. இவ்வெழுத்து இதனைக் கூறுகிறது என்று எழுத்தைச் சுட்டிப் பொருள் கூறியவர் ஸ்மித்தே. நூறாண்டு வாதம் இவ்வொரு படத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மூன்று மெய்யெழுத்தும் ஒரு கண்டமும்

மார்மன் நூலில் குதிரை, தேர், எஃகு வாள், கோதுமை, பட்டு ஆகியன வருகின்றன. அமெரிக்காவில் வாழ்ந்த குதிரையினம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்து, ஸ்பானியர் வருகையால்தான் மீண்டும் அங்கே கால்வைத்தது. நேபியர் காலமாகக் கூறப்படும் ஆயிரம் ஆண்டுகளில் எஃகு உருக்கிய உலை ஒன்றும் அக்கண்டத்தில் அகழப்படவில்லை. குதிரை என்றது மானையோ தபீர் என்னும் விலங்கையோ குறித்திருக்கலாம் என 1985இல் ஜான் சோரன்சன் எழுதினார். கும்மோரா நியூயார்க் குன்றன்று, மெக்சிகோவின் தென்பகுதியில் வேறொரு குன்று என்றும், நூலின் களம் இரு கண்டங்களன்று, சில நூறு மைல் பரப்பே என்றும் அவரும் அவர் வழியினரும் கொண்டனர். சான்றில்லாமை இல்லாமைக்குச் சான்றாகாது என்பது இவர்கள் அடிக்கடி எடுத்தாளும் அளவை.

இவ்வளவையை நாம் ஏற்கலாம், இருபுறமும் ஒன்றுபோல் வழங்கினால். ஏமன் நாட்டு மாரிப் நகரருகே செருமானியர் நடத்திய அகழாய்வில் பலிபீடக் கல்வெட்டுகள் சில வெளிப்பட்டன. கி.மு. 7–6ஆம் நூற்றாண்டளவின என மதிக்கப்படும் அவற்றில் ந், ஹ், ம் என்னும் மூன்று மெய்களாலான ஒரு குலப்பெயர் காணப்படுகிறது. லேகியின் பயணத்தில் வரும் ‘நாகோம்’ என்னும் இடமே இது எனச் சபை அறிஞர் பெருமகிழ்வு கொண்டனர். உயிரெழுத்து இன்றி மெய் மட்டும் எழுதும் செமித்திய எழுத்தில் இத்தகைய ஒப்புமை எத்துணை எளிது என்பதை அவர்கள் அறியாதவரல்லர். மூன்று மெய்யெழுத்து ஒத்துவந்தால் அது மெய்ப்பு. ஒரு கண்டம் முழுவதும் ஒத்துவராவிட்டால் அது ‘இன்னும் தேடப்படவேண்டியது’! இவ்விரட்டை அளவுகோலே எம் மறுப்பிற்கு உரியது. நம்பிக்கையை நாம் மறுக்கவில்லை.

தேடியவரும் இல்லாமலில்லை. தாமஸ் பெர்குசன் என்னும் வழக்கறிஞர் நூலின் களத்தை மண்ணில் கண்டெடுக்கும் வேட்கையுடன் 1952இல் புத்துலகத் தொல்லியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சபை அதற்குப் பொருளுதவி செய்தது. மெக்சிகோவின் சியாப்பாஸ் பகுதியில் அந்நிறுவனம் செய்த அகழாய்வுகள் தொல்லியலார் மதிக்கும் தரத்தன. 1975இல் பெர்குசன் தாமே ஓர் அறிக்கை எழுதி, நூல் கூறும் செடி, விலங்கு, உலோகம், எழுத்து என ஒவ்வொன்றாக எடுத்து, அகழ்ந்த நிலத்தோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை என்று எழுதினார். தம் வாழ்நாளின் கால் நூற்றாண்டை ஒரு கேள்விக்கு ஈந்து, வந்த விடையை வந்தவாறே எழுதிவைத்த அம்மனிதரை நாம் மதிக்கிறோம்.

அவருக்கும் முன்னோர் பி.எச்.ராபர்ட்ஸ். சபையின் உயர்தலைவர்களுள் ஒருவர். நூலைக் காத்து எழுதியோருள் முதன்மையானவர். 1921இல் வெளியார் ஒருவர் கேட்ட ஐந்து வினாக்கள் அவரிடம் வந்தன. அமெரிக்கத் தொல்குடிகளின் எண்ணிறந்த மொழிகள் இத்துணைக் குறுகிய காலத்தில் ஒரு மொழியிலிருந்து எவ்வாறு கிளைத்திருக்கும் என்பது அவற்றுள் முதலாவது. ஏனையவை குதிரை, எஃகு, வளைவாள், பட்டு பற்றியவை. விடை காண முயன்ற ராபர்ட்ஸ், வினாக்கள் தாம் கருதியதினும் வலியவை என உணர்ந்து நீண்ட அறிக்கையொன்றை எழுதி, 1922 சனவரியில் சபைத் தலைவர்கள்முன் படித்தார். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, நூல் மெய்யானது என்று தம் உள்ளத்துச் சாட்சியை அளித்தனர். வினாவுக்கு விடை வரவில்லை. ராபர்ட்ஸ் மனம் சோர்ந்தார் என்பதை அவர்தம் கடிதங்கள் காட்டும். அவ்வறிக்கை 1985 வரை நூலாக வெளிவரவில்லை.

மொழி பற்றிய அம்முதல் வினா மொழியியல் பயின்றோர்க்குத் தனிச்சுவையுடையது. திராவிட மொழிகளின் கிளைப்பைக் கணிக்கப் பல்லாயிரம் ஆண்டுகளை வேண்டும் நாம், நூற்றுக்கணக்கான மொழிக்குடும்பப் பிரிவுகளை ஓர் எபிரேயக் குடும்பத்திற்குள் அடக்க ஒருப்படுவோமா?

‘முதன்மை மூதாதையர்’

இதுகாறும் கூறியவை ஏட்டளவில் நிகழும் வாதம் என்று ஒதுக்கிவிடலாம், லாமானியர் என்னும் பெயர் உயிருள்ள மக்கள்மீது சுமத்தப்படாதிருந்தால். அமெரிக்காவின் பெரும் மண்மேடுகளைத் தொல்குடியினர் கட்டியிருக்க முடியாது, அழிந்துபோன வேறோர் உயர்குலமே கட்டியது என்னும் கட்டுக்கதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் பரவலாக வழங்கியது. நிலம் பறித்தோர்க்கு உகந்த கதை அது. சைரஸ் தாமஸ் 1894இல் வெளியிட்ட பேரறிக்கை அதனைத் தகர்த்தது. மார்மன் நூல் அக்கதையின் காலத்தது. மறைநூலாகிவிட்டமையால் அதற்குத் தகர்வில்லை. தீயொழுக்கத்தால் லாமானியர் சாபமுற்றுக் கருந்தோல் அடைந்தனர் என்னும் பகுதி இன்றும் நூலில் உள்ளது.

அந்த லாமானியரே அமெரிக்கத் தொல்குடியினரின் முதன்மை மூதாதையர் என்று 1981 பதிப்பின் முன்னுரை கூறிற்று. அதே பதிப்பில் வேறோரிடத்து, மனந்திரும்புவோர் ‘வெண்மை’ பெறுவர் என்றிருந்தது ‘தூய்மை’ பெறுவர் என மாறியது. 1840 பதிப்பிலும் இத்திருத்தம் இருந்தது என்று சபையினர் சுட்டுவது உண்மையே. ஆயின் இடைப்பட்ட காலத்தில் வழங்கிய பாடம் ‘வெண்மை’. அதன் பயனும் பாடத்தோடு நின்றுவிடவில்லை. 1947இல் சிறிய அளவில் தொடங்கி 1954இல் சபையின் முறையான திட்டமான ஒன்றன்கீழ், நவஹோ முதலிய தொல்குடிகளின் பிள்ளைகள் ஏறத்தாழ 50,000 பேர், திட்டம் முடிவதற்குள், பள்ளிக்காலத்தில் வெள்ளையர் மார்மன் இல்லங்களில் வைத்து வளர்க்கப்பட்டனர். அவ்வாறு வளரும் பிள்ளைகள் தம் உடன்பிறந்தோரைவிட வெளுத்து வருகின்றனர் என்று, பின்னாளில் சபைத் தலைவரான ஸ்பென்சர் கிம்பல் 1960 அக்டோபர் மாநாட்டில் பெருமையோடு பேசினார். கல்வியால் பயன்பெற்றோர் அப்பிள்ளைகளுள் உண்டு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் நீ யார் மகன் என்று ஒரு குழந்தைக்கு அதன் பாட்டி சொன்னதை அழித்து, 1830இல் அச்சான நூலைக்கொண்டு வேறொன்றை எழுதியதை எந்தக் கல்வியும் ஈடுசெய்யாது.

மரபணு ஆய்வு வளர்ந்தபோது தொல்குடியினரின் மூதாதையர் வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவர் என்பது உறுதிப்பட்டது. 2002இல் மானிடவியலர் தாமஸ் மர்பி இதனை மார்மன் நூலோடு வைத்து ஆராய்ந்து எழுதினார். அதற்காக அவரை ஒழுங்கு விசாரணைக்கு அழைத்தனர். செய்தி பரவியதும் விசாரணை கைவிடப்பட்டது. பின் 2006இல் ஒரு வெளிப்பதிப்பகம் அச்சிட்ட பதிப்பின் முன்னுரையில் ‘முதன்மை மூதாதையர்’ என்பது ‘மூதாதையருள் சிலர்’ என மாறியிருந்தது. 2007இல் நாளிதழ்கள் இதனைக் கண்டு எழுதின. முன்னுரை மறைநூலின் பகுதியன்று, ஆதலால் மாற்றலாம் என்பது விடை.

சிறு குழுவொன்றின் மரபணு பெருந்திரளில் கலந்து தடமின்றி மறையலாம் என்று 2014இல் சபை வெளியிட்ட மற்றொரு கட்டுரை வாதிடுகிறது. மரபியல் நோக்கில் அது பிழையன்று. ஆயின் அக்குழு சிறிது, வந்த நிலம் ஏற்கெனவே மக்கள் நிறைந்தது என்பவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சபை கற்பித்துவந்ததற்கு நேர்மாறானவை. கற்பித்தது தவறு என ஓரிடத்திலேனும் எழுதியிருந்தால் இவ்வாதத்தை நாம் மதித்திருப்போம். நவஹோப் பிள்ளைகளிடம் எவரும் அதனைச் சொல்லவில்லை.

முன்னரே சொன்னவர்கள்

எல்லாச் சமயத்தாரும் இப்படித்தானே என்று அமைதி கூறுவார் உண்டு. குமரிக்கண்டம் பற்றி நம்மவர் எழுதியவற்றைப் புரட்டினால் நமக்கும் நாணவேண்டிய இடங்கள் உள்ளன. ஆயின் குமரிக்கண்டத்தை மறுத்தமைக்காக எவரையும் தமிழினத்திலிருந்து விலக்கிவைக்கும் மன்றம் இங்கில்லை. வேறு வழியில்லை என்பதும் பொருந்தாது. அதே ஜோசப் ஸ்மித்திடமிருந்து கிளைத்த கிறிஸ்துவின் சமுதாயம் என்னும் மற்றொரு சபை, மார்மன் நூலைப் படித்துப் போற்றிக்கொண்டே, அதன் வரலாற்றுண்மையை நம்பியாக வேண்டும் என உறுப்பினரை வற்புறுத்துவதில்லை.

யூட்டா சபையும் அவ்வழியில் ஒருமுறை சில அடிகள் நடந்ததுண்டு. 1972இல் லெனார்டு ஆரிங்டன் என்னும் பேராசிரியரைத் தன் வரலாற்றாசிரியராக அமர்த்தி, ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டது. பத்தாண்டுக்குள் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டுப் பல்கலைக்கழகத்திற்கு மாற்றப்பட்டது. 1981இல் சபைத் தலைவர்களுள் ஒருவரான பாய்டு பேக்கர், உண்மையான செய்திகளுள் சில பயனற்றவை என்னும் கருத்தைச் சமயக் கல்வி ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தினார்.

மைக்கேல் குவின் என்னும் வரலாற்றாசிரியர் 1987இல் ஒரு நூல் வெளியிட்டார். ஜோசப் ஸ்மித் இளமையில் புதையல் தேடப் பயன்படுத்திய ‘காண்கல்’ போன்ற நாட்டார் மந்திர வழக்கங்களை ஆவணங்கொண்டு அது விரித்துரைத்தது. அடுத்த ஆண்டு அவர் பல்கலைக்கழகப் பணியைத் துறந்தார். 1993 செப்டம்பரில் சபை தண்டித்த அறுவருள் அவரும் ஒருவர், விலக்கப்பட்டார். பொன்னேட்டை விரித்துவைத்துப் படிக்கும் ஸ்மித்தின் ஓவியங்களே அதன்பின்னும் சபைக் கூடங்களில் தொங்கின. 2013இல் சபை தானே எழுதியது: ஸ்மித் ஒரு கல்லைத் தொப்பிக்குள் இட்டு, முகத்தை அதனுள் புதைத்துச் சொல்லச்சொல்ல எழுத்தர் எழுதினர் என்று. 2015இல் அக்கல்லின் வண்ணப்படத்தையும் வெளியிட்டது. கல் அதுவரை சபையின் பெட்டகத்தில்தான் இருந்தது.

குவின் 2021இல் மறைந்தார், விலக்கம் நீக்கப்படவில்லை. அறிவாளர்மீது சபை எடுத்த நடவடிக்கைகளைத் தொகுத்து எழுதியமைக்காக அதே செப்டம்பரில் விலக்கப்பட்ட லவினா பீல்டிங் ஆண்டர்சன், விலக்கப்பட்டவராகவே தம் ஊர்ச்சபை வழிபாட்டுக்குத் தொடர்ந்து சென்றுவந்தார். 2019இல் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று உள்ளூர்த் தலைவர்கள் பரிந்துரைத்தனர். தலைமை மறுத்தது. 2023இல் அவரும் மறைந்தார்.